பதிவுக்குப் பிறகு வார்த்த எஞ்சின்: இலக்கம் மாற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

விடியற்காலை, களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து மட்டக்களப்பு நோக்கி ஏ4 வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. 150 சிசி, இந்தியத் தயாரிப்பு, பின்னால் மீன் பெட்டி கட்டியிருக்கிறது. வீதிச் சோதனையில் மறிக்கிறார்கள். ஓட்டி வந்த மீன் வியாபாரியிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் காலாவதியாகவில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி (வண்டிச் சட்டகம்) இலக்கமும் ஹேண்டில் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும் இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். எஞ்சின் இலக்கமும் பொருந்துகிறது. பெரும்பாலான சோதனைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

இது முடியாமல் போனதற்குக் காரணம் எஞ்சின் உறை. கிராங்க் கேஸ் எனப்படும் அந்த அலுமினிய உறையின் அடிப்பக்கத்தில், சேறும் எண்ணெயும் படிந்த மூலையில், வார்ப்போடு வந்த ஒரு சிறு வட்டம் இருக்கிறது. சுற்றிவர 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்புக்குறி, அம்பின் இரு பக்கமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். துணியால் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தால் 18 என்று தெரிகிறது. புத்தகத்தின்படி இந்த வண்டியின் முதற்பதிவு 2012. 2018இல் வார்த்த உறையின்மேல் 2012இல் பதிந்த எஞ்சின் இலக்கம் நிற்கிறது.

இந்த வண்டி ஏதோ ஒரு தனி வழக்கின் வண்டி அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நீதவான் நீதிமன்றங்களுக்கு வரக்கூடிய இவ்வகை வழக்குகளின் போக்கை ஒரே வண்டியில் ஏற்றிக் காட்டுகிறோம். சட்டமும் சோதனை முறையும் உள்ளபடியே. ஆட்களும் நாட்களும் எடுத்துக்காட்டுக்காக மட்டும்.

இவ்வழக்குகளில் மூன்று கேள்விகள் உண்டு. இலக்கம் மாற்றப்பட்டிருக்கிறதா? உண்மையில் இது யாருடைய வண்டி? மாற்றியது யார்? முதல் கேள்விக்கு உலோகம் பதில் சொல்லும், இரண்டாவதற்குப் பத்திரம், மூன்றாவதற்குச் சாட்சி. மூன்றையும் ஒன்றாய்க் குழைத்து "திருட்டு வண்டி பிடிபட்டது" என்று எழுதிவிடும்போதுதான் வழக்கும் கெடுகிறது, வண்டியும் உரியவரிடம் போய்ச் சேராமல் பொலிஸ் நிலைய முற்றத்தில் உக்குகிறது.

கழுத்துக் குழாயில் தெரிந்தவை

வார்ப்பு ஆண்டு மட்டும் எதையும் நிரூபிக்காது. எஞ்சின் உடைந்து புது உறை மாற்றிய கராஜ்காரர், வெறுமையாக வந்த உறையில் பழைய இலக்கத்தையே அடித்துக் கொடுத்திருக்கலாம். அது முறையற்ற வேலை, எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். ஆனாலும் அது திருட்டு அல்ல. ஆகவே அடுத்துப் பார்க்க வேண்டியது செசி.

இந்திய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் செசி இலக்கம் கழுத்துக் குழாயின் வலப்பக்கம் இருக்கும். இன்றைய தொழிற்சாலைகள் பெரும்பாலும் அதை ஊசிமுனை இயந்திரத்தால் பொறிக்கின்றன. ஒவ்வோர் எழுத்தும் நெருக்கமான சிறு புள்ளிகளால் ஆனது, ஆழம் ஒரே சீர், இடைவெளி ஒரே அளவு. ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் நம்பர் பஞ்ச் செட்டால் சுத்தியல் போட்டு அடித்த எழுத்து வேறு மாதிரி: கோடு முழுசாக விழும், ஒரு பக்கம் ஆழம் கூடும், உருண்டைக் குழாயில் பஞ்ச் நழுவி இரட்டைக் கோடு விழும். இந்த வண்டியில் 8 என்ற எண் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டிலும் மேல் வளையத்தின் இடது ஓரத்தில் ஒரே சிறு வெட்டு. ஒரே பஞ்ச், அதன் முனையில் ஒரே குறை. எழுத்துகளைச் சுற்றியுள்ள பெயின்ட், குழாயின் மற்றப் பகுதியை விடக் கறுப்புக் கூடியது. விரலால் தடவினால் அந்த இடம் மெல்லக் குழிந்திருப்பது தெரியும். அரைத்துத் தள்ளிய இடம் அப்படித்தான் இருக்கும்.

இலக்கத்தின் அமைப்பையும் வாசிக்கத் தெரிய வேண்டும். 17 எழுத்து கொண்ட வாகன அடையாள எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் மூன்றும் வரவே வராது; 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும்: எம்டி2 என்றால் பஜாஜ், எம்டி6 என்றால் டிவிஎஸ், எம்ஈ4 என்றால் இந்திய ஹொண்டா. பல தயாரிப்பாளர்கள் பத்தாவது எழுத்தில் ஆண்டை வைக்கிறார்கள்: 2012க்கு சி, 2017க்கு எச், ஐயைத் தாண்டி 2018க்கு ஜே. ஒன்பதாவது எழுத்தைச் சரிபார்ப்பு இலக்கமாகக் கணக்கிட்டுப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டுவது பிழை. அந்தக் கணக்கு வட அமெரிக்கா போன்ற சில சந்தைகளின் வாகனங்களுக்கே கட்டாயம். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியான கார், வேன்களில் 17 எழுத்தே இருக்காது. மாதிரிக் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு தொடர் இலக்கம், அவ்வளவுதான். இதைத் தெரியாமல் "இலக்கம் குறைவாக இருக்கிறது" என்று ஒருவரின் வேனை மறிப்பது அநியாயம்.

முதல் ஒரு மணித்தியாலம்

வண்டியைக் கைப்பற்றும் உத்தியோகத்தர் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யாருடைய கையிலிருந்து எடுத்தார், மைலேஜ் மீட்டர் எவ்வளவு காட்டியது, எந்தப் பத்திரங்கள் மூலப்பிரதி, எவை போட்டோ பிரதி என்பதை அந்த இடத்திலேயே குறிப்புப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிறகு அதே விபரம் நிலையத்தின் தகவல் புத்தகத்தில் ஏற வேண்டும். எடுத்தவற்றுக்குப் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உரிமையாளர் கேட்டு வாங்க வேண்டும்.

இதன் பிறகு நடக்கும் ஒரு தவறு பல வழக்குகளைக் கொல்லக் கூடியது. ஆர்வ மிகுதியில் ஒருவர் ஸ்குரூ டிரைவரையோ அரத்தாளையோ எடுத்து, பெயின்டைச் சுரண்டி "அடியில் என்ன இருக்கிறது பார்ப்போம்" என்று தொடங்கிவிடுகிறார். அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்து அல்ல. உலோகத்தில் எழுத்து அடிக்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள படிகங்கள் நெருக்குண்டு உருமாறும். மேலே உள்ள பள்ளத்தை அரைத்து எடுத்தாலும் நெருக்குண்ட அந்தப் படலம் கீழே தங்கியிருக்கும். அமிலம் பட்டால் அது சுற்றியுள்ள உலோகத்தை விட வேறு வேகத்தில் அரிபடும். அழிந்த எழுத்து நிழலாக எழும்பும். அரத்தாளால் இன்னும் கொஞ்சம் தேய்த்தால் அந்தப் படலமும் போய்விடும். சுரண்டிய கோடுகள் பொலிஸ் நிலையத்தில் விழுந்தவையா அதற்கு முன்பே இருந்தவையா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும்போது பதிலும் இருக்காது.

செய்ய வேண்டியது எளிது. கை வைக்காமல், பக்கத்தில் அளவுகோல் வைத்து, நேராக ஒன்றும் இரு பக்கமிருந்து சாய்வான வெளிச்சத்தில் இரண்டுமாகப் படம் எடுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். பிறகு அந்த இடத்தில் கிறீஸ் தடித்துப் பூசி, பொலித்தீன் சுற்றி, கட்டின்மேல் கையொப்பமிட்ட சீட்டு ஒட்டுங்கள். கிறீஸை யாரும் பொருட்படுத்துவதில்லை. நம் பக்கத்துக் காற்றை நினைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, கார்த்திகை தொடங்கித் தை வரை மழை. முற்றத்தில் மூடாமல் நிறுத்திய வண்டியின் அரைத்த இரும்பில் ஒரே பருவத்தில் துரு குழி விழுத்திவிடும். ஆய்வுக்குப் போகும் நாளில் வாசிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஆய்வுகூடத்தில்

இந்த ஆய்வைச் செய்வது அரச பகுப்பாய்வாளர் திணைக்களம். பெயின்டைக் கரைப்பானால் கழற்றிய பிறகு, மிக நுண்ணிய தாள்களால் கண்ணாடி போல மெருகேற்றுவார்கள். இரும்புக்கு வழக்கமானது ஃப்ரை கரைசல்: 90 கிராம் குப்ரிக் குளோரைட்டு, 120 மில்லிலீற்றர் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம், 100 மில்லிலீற்றர் நீர். பருத்திப் பஞ்சில் தோய்த்து ஒரே திசையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்து சில நேரம் ஒரு கணம் எழும்பி மறுபடி மங்கும். அதனால் படக்கருவி முன்கூட்டியே பொருத்தியிருக்கும். அலுமினிய எஞ்சின் உறைக்கு இந்தக் கரைசல் சரிவராது; சோடியம் ஐதரொட்சைட்டு போன்ற வேறு கரைசல்கள் வேண்டும். இரும்பு உறுப்பாக இருந்தால் அமிலத்துக்கு முன் காந்தத் துகள் முறையையும் பார்க்கலாம், அது எதையும் அழிக்காது.

எல்லா வண்டியும் பேசாது. அழித்த இடத்தை வெல்டிங் வைத்து நிரப்பியிருந்தால் சூட்டில் நெருக்குண்ட படிகங்கள் மறுபடி ஒழுங்காகிவிடும். எழுத்தின் தடம் அதோடு போய்விடும். பழைய இலக்கத்தின்மேல் மையப் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தால் புதுக் காயங்கள் பழையவற்றை மறைத்துவிடும். இரும்புத் துண்டையே வெட்டி வேறொரு வண்டியின் துண்டை ஒட்டியிருந்தால் அந்தத் துண்டின் இலக்கம் நூறு வீதம் அசலாகவே இருக்கும். பார்க்க வேண்டியது இலக்கத்தை அல்ல, துண்டின் ஓரத்து ஒட்டை.

நம் வண்டியில் அரைத்தவர் அவசரக்காரர். 17 எழுத்தில் கடைசி ஆறும் பத்தாவதும் எழும்பின. பத்தாவது ஜே. எஞ்சின் உறையில் ஒன்றும் வரவில்லை.

அறிக்கை வரும் வரை வழக்கு நின்றுவிடுவதில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவு, திருடப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் பொருளைக் கைப்பற்றினால் உடனே நீதவானுக்கு அறிவிக்கச் சொல்கிறது. பீ அறிக்கையில் (பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கையில்) "இலக்கம் மாற்றப்பட்டதாகச் சந்தேகம்" என்று எழுதுங்கள், சந்தேகத்துக்கான காரணங்களையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள். முறைப்பாடு எதுவும் கைவசம் இல்லாதபோது "திருடப்பட்ட வண்டி" என்று எழுதினால் முதல் தவணையிலேயே அந்தச் சொல்லுக்கு ஆதாரம் கேட்கப்படும்.

இரண்டு பதிவு, ஒரு வண்டி

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் பதிவு இலக்கத்தை மட்டும் கொடுத்துக் கேட்டால் புத்தகத்தில் உள்ளதே திரும்பி வரும். எல்லாம் பொருந்துகிறது என்ற பதிலோடு கோப்பு மூடப்படும். எழும்பிய ஆறு எழுத்தையும் ஆண்டையும் மாதிரியையும் கொடுத்துச் செசி வழியாகத் தேடக் கேட்க வேண்டும். அப்படித் தேடியதில் 2018இல் பதிந்த ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. வேறொரு மாகாணம், லீசிங் வண்டி, பதிவான அதே ஆண்டில் காணாமற்போனதாக அங்கே பொலிஸ் முறைப்பாடு.

ஆறு எழுத்துப் பொருந்துவது வலுவான குறிப்பு, ஆனால் முடிவு அல்ல. முடிவைக் கொடுத்தது லீசிங் கோப்பு. கடன் கொடுக்கும்போது எடுத்து வைத்த பென்சில் படி அதில் இருந்தது. அந்தப் படியில் கடைசிக்கு முந்தைய எண் மற்ற எண்களை விட மயிரிழை கீழே இறங்கியிருக்கிறது. அமிலத்தில் எழும்பிய படத்திலும் அதே எண், அதே இறக்கம்.

2012 புத்தகம் எங்கிருந்து வந்தது? விபத்தில் நொறுங்கிப் பழைய இரும்புக்குப் போன ஒரு வண்டியுடையது. இரும்பு கிலோக் கணக்கில் போனது, புத்தகமும் இலக்கத் தகடும் தனி விலைக்குப் போயின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. பாவித்த வண்டிகளின் விலை ஏறிய அந்த ஆண்டுகளில் வெறும் புத்தகத்துக்கும் விலை வந்தது.

மீன் வியாபாரி வாங்கியது மூன்றாவது கையிலிருந்து. "புக் இருக்கு, ஓப்பன் பேப்பர் இருக்கு அண்ணன், எப்ப வேணுமெண்டாலும் உங்கட பேருக்கு மாத்தலாம்" என்று விற்றவர் சொன்னதை அவர் வாக்குமூலத்தில் அப்படியே சொல்கிறார். ஓப்பன் பேப்பர் என்பது பதிவு உரிமையாளரின் கையொப்பம் மட்டும் விழுந்து, வாங்குபவரின் பெயரும் திகதியும் காலியாக விடப்பட்ட உரிமை மாற்றப் படிவம். மோட்டார் வாகனச் சட்டப்படி கைமாற்றத்தை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் இடையில் இருந்த கைகள் எல்லாம் பத்திரத்திலிருந்து மறைந்துவிடும். நாளைக்கு "யாரிடம் வாங்கினாய்" என்று கேட்கும்போது காட்ட ஒரு பெயர் இருக்காது.

யாருக்கு வண்டி

431இன் கீழ் நீதவான் பார்ப்பது உடைமைக்கு உரித்துடையவர் யார் என்பதை மட்டுமே. உரித்தே தகராறானால் அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. லீசிங் வண்டிகளுக்கு 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தத்தால் சேர்ந்த 433ஏ பிரிவு வழி காட்டுகிறது: முழுமை உரிமையாளராகப் பதிவானவரே உடைமைக்கு உரித்துடையவராகக் கருதப்படுவார். பெரும்பாலும் அது லீசிங் நிறுவனம். திருட்டுக்காகக் காப்புறுதி நிறுவனம் பணத்தைக் கொடுத்து முடித்திருந்தால் அதுவும் கோரிக்கையோடு வரும். அப்போது பணம் கொடுத்த பற்றுச்சீட்டும் உரிமை மாற்றக் கடிதமும் வேண்டும், முழுமை உரிமையாளர் பதிவு இன்னும் நீங்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மீன் வியாபாரிக்கு வண்டி கிடைக்காது. நல்லெண்ணத்தோடு, முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் திருடியவரிடம் இல்லாத உரிமை அவருக்கு வந்து சேராது. இதைக் கேட்கும்போது அவர் வீட்டில் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாமலில்லை; ஐஸ் பெட்டியோடு அந்த வண்டிதான் குடும்பத்தின் வருமானம். அவருக்கு உள்ள வழி, 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி விற்றவரிடம் கொடுத்த விலையைத் திருப்பிக் கேட்பது. அதற்கு விற்றவரின் அடையாள அட்டை இலக்கமும் பணம் கொடுத்ததற்கான எழுத்தும் வேண்டும். கட்டளை பிழை என்று கருதினால் மாகாண மேல் நீதிமன்றில் மீளாய்வுக்குப் போகலாம்.

அவர் குற்றவாளியா? திருட்டுப் பொருளை நேர்மையீனமாக வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவில் குற்றம். அதற்கு அவர் அறிந்திருந்தார், அல்லது நம்பக் காரணம் இருந்தது என்று காட்ட வேண்டும். வைத்திருப்பவரே திருடர் அல்லது திருட்டென்று அறிந்து வாங்கியவர் என்று கொள்ளும் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் ஊகம், திருட்டு நடந்து சற்றுப் பின்னரே பொருளை வைத்திருந்தவருக்கு எதிரானது. ஆண்டுகள் கழித்துப் பகிரங்கமாய்ப் பாவித்து, வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தவர்மீது அது எளிதில் ஒட்டாது. அவரைச் சந்தேகநபராக்கி விட்டுவிடுவதை விடச் சாட்சியாக வைத்து மேலே உள்ள கைகளைத் தேடுவதே விசாரணைக்கு நல்லது.

உரியவர் தெரியாத வண்டிகள்

ஒரு எழுத்தும் எழும்பாவிட்டால் வண்டி நேராக அரசுக்குப் போய்விடாது. நீதவான் அதைத் தடுத்து வைத்து, நீதிமன்ற அறிவித்தற் பலகையிலும் வேறு இரண்டு பொது இடங்களிலும் அறிவித்தல் ஒட்டி, உரிமை கோருவோர் 6 மாதங்களுக்குள் வரச் சொல்ல வேண்டும். யாரும் வந்து நிலைநாட்டாவிட்டால்தான் 432ஆம் பிரிவு வரும், வண்டி அரசுடைமையாகும். அறிவித்தலில் "மோட்டார் சைக்கிள் ஒன்று" என்று மட்டும் எழுதினால் எந்த உரிமையாளரும் தன் வண்டியை அடையாளம் காணமாட்டார். நிறம், மாதிரி, வார்ப்பு ஆண்டு, டாங்கியில் உள்ள நசிவு, மாற்றிய சைலன்சர் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

தீர்வை செலுத்தாமல் உதிரிப் பாகமாக வந்து பொருத்தப்பட்ட வாகனமாக இருந்தால் கதை வேறு. சுங்கக் கட்டளைச் சட்டத்தில் பறிமுதல்தான் தொடக்கம். உரிமை கோருபவர் கைப்பற்றி ஒரு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், நிரூபிக்கும் சுமையும் அவருடையது. 431ஐ நம்பிக் காத்திருந்து அந்த மாதத்தைத் தவறவிட்டால் பிறகு பேச இடமில்லை.

துருவையும் குற்றத்தையும் பிரித்தறிவது இந்தக் கரையோரத்தில் முக்கியம். வருடக்கணக்காக மீன் ஏற்றிய வண்டியின் சட்டகத்தில் உப்புத்தண்ணீர் ஒழுகி எழுத்துகள் தானாகவே கரையும். துரு தின்ற இடம் சொரசொரப்பாக, ஓரம் ஒழுங்கில்லாமல், சுற்றியுள்ள இரும்பும் அதே நிலையில் இருக்கும். அரைத்த இடத்தில் ஒரே திசைக் கோடுகள் ஓடும், அந்தத் துண்டு மட்டும் தனியாகப் புதிதாய்த் தெரியும். நேர்மையாகத் தேய்ந்த வண்டி என்றால் மறிபடுவதற்கு முன்பே உரிமையாளர் திணைக்களத்துக்கு எழுதிப் பரிசோதனை கேட்பது நல்லது. மறிபட்ட பிறகு சொல்லும் அதே காரணத்துக்குப் பாதி மதிப்புத்தான்.

வாங்கப் போகிறவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் கழுத்துக் குழாயைத் துடைத்துப் பென்சில் படி எடுக்கட்டும், எஞ்சின் உறையின் அடியில் அந்த வட்டத்தைத் தேடட்டும், பதிவு விபரத்தைத் திணைக்களத்தில் தாங்களே எடுக்கட்டும், பதிவு உரிமையாளரை நேரில் காணாமல் விலை பேசாதிருக்கட்டும்.

நம் வண்டி லீசிங் நிறுவனத்திடம் பிணைமுறியில் விடப்பட்டது; வழக்கு முடியும் வரை நிறத்தையோ கழுத்துக் குழாயையோ மாற்றக் கூடாது, கேட்கும் தவணையில் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மிஞ்சியது 2012 புத்தகம். அது சான்றுப் பொருளாக அலுமாரியில் இருக்கும்வரை திணைக்களத்தின் பதிவேட்டில் அந்த இலக்கம் உயிரோடுதான் இருக்கிறது. பிரதி எடுத்தவர் எவரும் அதை இன்னொரு வண்டிக்குப் பூட்டலாம். வண்டியை விடுவிக்கும் அதே கட்டளையில் அந்தப் பதிவை இரத்துச் செய்யும்படி மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவிக்கவும் வழக்குத்தொடுநர் விண்ணப்பிக்க வேண்டும்.